படம் விட்டதும் மைக் நீட்டும் நம்மூர்ப் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்

சுங்கை சிப்புட், பேராக்

திரையரங்கு வாசலில் நின்று மக்கள் கருத்து எடுக்கும் தம்பி தங்கைகளுக்கு,

வணக்கம்.

வாள்வீச்சும் கப்பலும் புதையலுமாக வரும் படங்களின் இரண்டாம் பாகத்துக்கு நீங்கள் எடுக்கும் காணொளிகள் நம்மூர்ப் புலனக் குழுக்களில் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. ஈப்போ வரைக்கும் போய், ராத்திரி பத்தரை மணிக்கு வெளியே வருகிறவர்களை மறித்துக் கேட்கிறீர்கள். உழைப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வரும் பதில்கள் நான்கே வகை: "செம்ம", "சுமார்தான் லா", "முதல் பாகம் மாதிரி வராது", "கதை புரியல". இந்த நான்கையும் ஒட்டி வெட்டி, கடைசியில் "படம் ஊத்திக்கிச்சு" என்று நீங்களே தீர்ப்பும் எழுதிவிடுகிறீர்கள்.

இரண்டாம் பாகத்தைப் பற்றி ரசிகர் சொல்லும் குறை எல்லாமே படத்தின் குறை அல்ல. முதல் பாகத்தை அவர் எவ்வளவு மறந்திருக்கிறார், எந்த வரிசையில் உட்கார்ந்தார், வசனம் காதில் விழுந்ததா, கீழே ஓடிய மலாய் வரியைப் படிக்க நேரம் இருந்ததா, பெயர்கள் ஓட ஆரம்பித்ததுமே எழுந்துவிட்டாரா, இவ்வளவும் "சுமார்" என்ற ஒரு சொல்லுக்குள் பதுங்கிக் கிடக்கும். அதைப் பிரித்து வெளியே எடுப்பதுதான் கருத்துக் கேட்கிறவர் வேலை. எப்படி என்று சொல்லத்தான் இந்த மடல். எங்களில் படக்கருவி ஓட்டியவர் உண்டு, திரைவரி மொழிபெயர்ப்பவர் உண்டு, சிலம்பம் கற்றுக் கொடுப்பவர் உண்டு. எங்களைப் பற்றி அவ்வளவு போதும்.

எடுத்துக்காட்டுக்கு 2006 ஜூலையில் வந்த 'பைரேட்ஸ் ஆஃப் தி கரீபியன்' இரண்டாம் பாகத்தையே பிடித்துக்கொள்கிறோம். நம்மூரில் அதைத் தொலைக்காட்சியிலாவது பார்க்காதவர் குறைவு. அதைவிட முக்கியம், இரண்டாம் பாகத்துக்கு வரக்கூடிய எல்லா நோயும் அந்த ஒரே படத்தில் இருக்கிறது, மருந்தும் இருக்கிறது.

முதலில், எங்கே நிற்பது, எப்போது நிற்பது. திரையரங்கப் பொறுப்பாளரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். டிக்கெட் சரிபார்க்கும் இடத்துக்கு வெளியே, நடைபாதை ஓரம் என்றால் மறுப்பதற்குக் காரணம் குறைவு. கேட்காமல் நின்றால் நாலாவது ஆளிடம் பேசும்போதே காவலாளி வந்துவிடுவார், அன்றைய வேலை அத்தோடு சரி. உள்ளே உட்கார்ந்து கைப்பேசியைத் திரைப் பக்கம் திருப்பும் பழக்கம் யாருக்காவது இருந்தால் இன்றே விடுங்கள். 2012 பதிப்புரிமைச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அது இந்நாட்டில் குற்றம்.

நேரம் இடத்தைவிட முக்கியம். பெயர்கள் ஓட ஆரம்பித்ததும் எழுந்து வருகிறவர்கள் ஒரு கூட்டம்: வெளியே வேன் காத்திருக்கும், மடியில் பிள்ளை தூங்கியிருக்கும், விடிந்தால் தோட்டத்தில் பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்குக்கு, போகவேண்டும், இல்லை படமே பிடித்திருக்காது. கடைசி எழுத்து மறையும்வரை உட்கார்ந்திருந்து வருகிறவர்கள் வேறு கூட்டம், பெரும்பாலும் இந்த வகைப் படத்துக்கு அடிமையானவர்கள். முதல் கூட்டத்தை மட்டும் பிடித்தால் படம் விழுந்துவிடும், இரண்டாம் கூட்டத்தை மட்டும் பிடித்தால் படம் வானத்துக்கு ஏறிவிடும். அதே தொடரின் மூன்றாம் பாகத்தில் இது கதையையே மாற்றியது. பெயர்கள் எல்லாம் ஓடி முடிந்த பிறகுதான், பத்து ஆண்டு கழித்து வில் டர்னர் தன் மனைவி எலிசபெத்திடம் கப்பலில் திரும்பி வரும் காட்சி. அதைப் பார்க்காமல் எழுந்து வந்தவர் "பிரிச்சு வெச்சுட்டான், சோகமா முடிச்சிட்டான்" என்பார். பார்த்தவர் "கடைசியில சேர்த்து வெச்சுட்டான்" என்பார். இருவரும் பொய் சொல்லவில்லை, அவர்கள் பார்த்த படம் வேறு வேறு. ஆகவே தாளில் ஒவ்வொரு பெயருக்கு முன்னாலும் 'மு' அல்லது 'பி' என்று ஓர் எழுத்து போடுங்கள்: முன்னே வந்தவர், பின்னே வந்தவர். இரண்டிலும் சம அளவு பேரை எடுங்கள். பெயர் என்றால் முழுப் பெயர் வேண்டாம், ஒரு எண் போதும்.

யாரைப் பிடிப்பது? மைக்கைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே கிட்டே வருகிறவரைப் பிடிக்காதீர்கள். அவர் வீட்டிலேயே பதிலைத் தயாரித்து வைத்திருப்பவர். வாசலைத் தாண்டும் ஐந்தாவது ஆள், பத்தாவது ஆள், பதினைந்தாவது ஆள் என்று எண்ணிக்கையை வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாவது ஆள் முகத்தைச் சுளித்தால் விட்டுவிட்டுப் பத்தாவது ஆளுக்குப் போங்கள், ஆறாவது ஆளுக்குத் தாவ வேண்டாம். ஐந்து பையன்கள் கூட்டமாக வந்தால் முதலில் வாய் திறப்பவன் சொன்னதையே மற்ற நாலு பேரும் சொல்வார்கள். ஒருவனை மட்டும் பத்தடி தள்ளி அழைத்துக் கேளுங்கள். குடும்பமாக வந்தால் அப்பா எல்லாருக்கும் சேர்த்துப் பதில் சொல்லிவிடுவார். "அம்மா, நீங்க சொல்லுங்க" என்று நேராகக் கேளுங்கள். படம் எந்த இடத்தில் இழுத்தது என்பது தூங்கும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவருக்குத்தான் நன்றாகத் தெரியும். சிறுவர் முகத்தைப் பெற்றோர் ஒப்பாமல் பதிவு செய்ய வேண்டாம்.

மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரம். அதற்கு மேல் போனால் பேரங்காடியின் பாட்டும் குளிர்சாதனக் காற்றும்தான் பதிவாகும். தானே திறந்து மூடும் கதவுக்கு நேரே நிற்காதீர்கள்.

இனிக் கேள்விகள். "படம் எப்படிண்ணே, சூப்பரா?" என்று கேட்டால், மரியாதைக்காகவாவது "சூப்பர்தான்" என்பார். பதிலை நீங்களே ஊட்டிவிட்ட பிறகு அது அவர் கருத்து ஆகாது. முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: "எந்த இடம் இன்னும் கண்ணுக்குள்ளேயே நிக்குது?" அடுத்தது: "எந்த இடத்துல கைப்பேசியை எடுத்து மணி பாத்தீங்க?" இந்த இரண்டாவது கேள்விக்கு ஆட்கள் சிரித்துக்கொண்டே உண்மையைச் சொல்லிவிடுவார்கள். 151 நிமிடப் படம், ஆங்கிலப் படத்துக்கு இடைவேளையும் கிடையாது. 2006 படத்தில் இந்தக் கேள்வி நேரே கொண்டுபோய் நிறுத்தும் இடம், முன்பாதியில் வரும் நரமாமிசத் தீவு. எலும்புக் கூண்டுகளில் மாலுமிகள் உருண்டோடும் அந்தக் காட்சி தனியாகப் பார்க்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் பெட்டியையும் சாவியையும் தேடும் கதையை அது ஓரடிகூட நகர்த்தாது. அங்கே மணி பார்த்தவர் சொல்லும் குறை படத்தின் குறைதான், தயங்காமல் எழுதுங்கள்.

மூன்றாவது கேள்விதான் இந்த மடலின் உயிர். சண்டைக் காட்சி ஒன்றை எடுத்துக்கொண்டு, "அந்தப் பொருள் யாருக்கு எதுக்கு வேணும்?" என்று கேளுங்கள்.

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். தீவில் பெட்டியைத் தோண்டி எடுக்கிறார்கள். உள்ளே, கடல் பேய்க்கப்பலின் தலைவன் டேவி ஜோன்ஸின் இதயம் துடித்துக்கொண்டிருக்கிறது. மூன்று பேர் வாளை உருவுகிறார்கள். வில் டர்னருக்கு அந்த இதயத்தைக் குத்தவேண்டும், ஜோன்ஸின் கப்பலில் அடிமைப்பட்டிருக்கும் அப்பாவை மீட்பதற்கு. ஜாக் ஸ்பாரோவுக்கு இதயம் உயிரோடு வேண்டும், ஜோன்ஸை மிரட்டித் தன் கடனிலிருந்தும் கடல் பூதத்திடமிருந்தும் தப்புவதற்கு. முன்னாள் கடற்படை அதிகாரி நாரிங்டனுக்கு அதைக் கொண்டுபோய்க் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெக்கெட்டிடம் கொடுக்கவேண்டும், இழந்த பதவியையும் மானத்தையும் திரும்பப் பெறுவதற்கு. ஒருவர் ஜெயித்தால் மற்ற இருவரும் தோற்பார்கள், ஆகவே யாரும் யாரோடும் சேர முடியாது. இந்த முடிச்சை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால், தேவாலயத்தின் இடிந்த கூரையிலும், அச்சிலிருந்து கழன்று காட்டுக்குள் உருண்டோடும் நீராலைச் சக்கரத்தின் மேலும் உள்ளும் நடக்கும் சண்டையில் ஒவ்வொரு வீச்சுக்கும் பொருள் இருக்கும். முடிச்சு புரியாதவருக்கு அது மூன்று பேர் சக்கரத்தில் ஓடும் சர்க்கஸ். அவர்தான் "சண்டை ரொம்ப நீளம் லா" என்பார்.

இங்கே ஒரு நுட்பம். பார்ப்பவருக்குக் குழப்பம் வரும் என்று படம் எடுத்தவர்களுக்கே தெரிந்திருக்கிறது. சண்டை நடக்கும்போதே பின்டல், ராகெட்டி என்ற இரண்டு கோமாளிக் கொள்ளையர்களை ஓரமாக நிறுத்தி, யாருக்கு எதற்குப் பெட்டி வேண்டும் என்று ராகெட்டி வாயாலேயே சொல்ல வைத்திருக்கிறார்கள். சில நொடிப் பேச்சு, அதுவும் கடற்கொள்ளையர் கொச்சையில். அந்தச் சில நொடி காதில் விழாவிட்டாலோ, கீழே ஓடும் வரியில் சுருங்கிப்போனாலோ, படம் கொடுத்த மருந்து ரசிகருக்குப் போய்ச் சேரவில்லை என்று பொருள். அதற்கு இயக்குநரைத் திட்டிப் பயனில்லை.

ஏன் போய்ச் சேராது? மூன்று இடத்தில் சறுக்கும்.

ஒன்று, ஒலி. வசனம் திரைக்குப் பின்னால் நடுவில் இருக்கும் ஒலிபெருக்கியிலிருந்து வருகிறது. டால்பி முறையில் படத்தை ஒலிக்க வேண்டிய அளவு 7 என்ற எண். சத்தம் அதிகம் என்று யாராவது புகார் கொடுத்தால் அதை 5-க்கு இறக்கிவிடுவார்கள். அந்தப் பகுதியில் ஓர் எண் இறங்கினால் ஏறக்குறைய 3.3 டெசிபெல் குறையும், இரண்டு எண் இறங்கினால் 6.7. வெடிச்சத்தம் அப்போதும் வெடிச்சத்தமாகவே கேட்கும், முணுமுணுப்புதான் காணாமல் போகும். வாள் மோதும் ஓசைக்கு நடுவே பேசும் ராகெட்டிதான் முதல் பலி. "சத்தம் எப்படி?" என்று கேட்காதீர்கள். "சண்டைக்கு நடுவுல பேசினது கேட்டுச்சா?" என்று கேளுங்கள்.

இரண்டு, திரைவரி. நம் நாட்டுத் திரையரங்கில் ஆங்கிலப் படத்துக்கு மலாயும் சீனமும் கீழே ஒன்றாக ஓடும். இரண்டு மொழியும் இடத்தைப் பங்கு போட்டுக்கொள்வதால் வரி எழுதுகிறவர் சுருக்கித்தான் ஆகவேண்டும். வரிக்கு நாற்பது எழுத்துக்கு உள்ளாக, ஒரு நொடிக்குப் பதினைந்து பதினேழு எழுத்து என்பது வசதியாகப் படிக்கும் வேகம். வேகமாகப் பேசும் பாத்திரம் அதைத் தாண்டிவிடும். சொல் விளையாட்டு முதலில் போகும், அடுத்துக் காரணங்கள் போகும், கடைசியில் "அவனுக்கு அது வேண்டும்" என்பது மட்டும் மிஞ்சும். நம் பெரியவர்களில் பலர் மலாய் வரியை நம்பித்தான் படம் பார்க்கிறார்கள். அவர்களிடம் "எதைப் படிச்சுக்கிட்டுப் பாத்தீங்க தாத்தா?" என்று ஒரு கேள்வி கட்டாயம்.

மூன்று, கண். திரைப்படம் நொடிக்கு 24 படம். பன்னிரண்டு மீட்டர் அகலத் திரையில் ஒரு வாள்முனை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு அரை நொடியில் போனால், நடுவே பன்னிரண்டு படம்தான், ஒவ்வொரு படத்துக்கும் ஒரு மீட்டர் தாவல். பின்வரிசையில் அது வீச்சாகத் தெரியும். திரையிலிருந்து மூன்று வரிசைக்குள் உட்கார்ந்தவருக்கு வெறும் தீற்றல்தான். விடுமுறை நாளில் கடைசியாக டிக்கெட் வாங்கியவர்கள்தான் முன்வரிசையில் உட்காருவார்கள், தலைவலியோடு வெளியே வருவார்கள், உங்கள் மைக்கில் "ஒண்ணும் புரியல" என்பார்கள். இருக்கை எழுத்தை டிக்கெட்டிலிருந்து பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

முப்பரிமாணக் காட்சி என்றால் அதையும் எழுதுங்கள். சாதாரணக் காட்சிக்குத் திரை வெளிச்சம் 14 ஃபுட்-லாம்பெர்ட் என்பது அளவுகோல். முப்பரிமாணத்தில் கண்ணாடியும் வடிகட்டியும் சேர்ந்து அதை நாலு நாலரைக்குக் கொண்டுவந்துவிடும். அதோடு கருவியின் விளக்கு பழசாகியிருந்தால் இன்னும் மங்கும். கடல் படங்களில் பாதி ராத்திரியில்தான் நடக்கும், எனவே "ஒரே இருட்டு" என்று வரும் புகாரை ஒளிப்பதிவாளர் தலையில் கட்டுவதற்கு முன்னால், சாதாரணக் காட்சி பார்த்தவரும் அதையே சொல்கிறாரா என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.

சண்டை பற்றி இன்னொரு வார்த்தை. நம்மூரில் கம்பு பிடித்த கைகள் நிறைய. அவர்கள் சொல்வதைத் தனியாகக் குறித்துவையுங்கள். திரைச் சண்டையில் வாள் குறிவைப்பது உடம்பை அல்ல, எதிராளியின் வாளை. அடி வைப்பதும் எண்ணி வைத்த கணக்குத்தான். ஆனாலும் காலடி பொய் சொன்னால் கம்பு பிடித்தவருக்குத் தெரிந்துவிடும். "மார்புக்கு மேலேயே காட்டுறான், கால் எங்கே?" என்று ஒருவர் சொன்னால், அது படத்தொகுப்பின் மேல் வைக்கும் சரியான குறை. முதல் பாகத்தில் பட்டறைக்குள் நடக்கும் வாள்சண்டையில் முழு உடம்பும் தெரியும். அதற்குப் பயிற்சி கொடுத்த பாப் ஆண்டர்சன் ஒலிம்பிக்கில் வாள்வீசியவர். அதோடு ஒப்பிட்டு இரண்டாம் பாகத்தை ஒருவர் குறை சொன்னால் காது கொடுத்துக் கேளுங்கள்.

டேவி ஜோன்ஸின் முகத்தைப் பார்த்து "முகமூடி நல்லா ஒட்டியிருக்கான்" என்று ஒரு பாட்டி சொன்னால் திருத்தாதீர்கள். முகமூடியே இல்லை, பில் நைய் என்ற நடிகர் புள்ளி வைத்த சாம்பல் உடுப்போடு நடித்ததைக் கணினியில் மாற்றினார்கள், அதற்கு ஆஸ்கரும் வாங்கினார்கள். அதை வேறு நாள் சொல்லிக்கொள்ளலாம். கணினி வேலை முகமூடியாகத் தெரிந்தது என்பதைவிட அந்தக் கலைஞர்களுக்கு வேறு பாராட்டு வேண்டியதில்லை.

அடுத்து, மறதி. முதல் பாகம் 2003-இல் வந்தது. மூன்று ஆண்டு இடைவெளி. நாரிங்டன் யார், எலிசபெத் அவரை விட்டுவிட்டு வில்லை ஏன் தேர்ந்தெடுத்தாள், ஜாக்கின் திசைகாட்டி ஏன் வடக்கைக் காட்டாது, இவை நினைவில்லாதவருக்குக் குடித்துவிட்டுப் பன்றித் தொட்டியில் விழுந்து கிடக்கும் நாரிங்டன் யாரோ ஒரு குடிகாரர். "முதல் பாகம் பாத்தீங்களா?" என்று கேட்டால் எல்லாரும் "பாத்தேன்" என்பார்கள். "கடைசியா எப்போ பாத்தீங்க?" என்பதே கேள்வி. அந்த மாதம் பார்த்தவர், அந்த ஆண்டு பார்த்தவர், எப்போதோ பார்த்தவர், பார்க்காதவர் என்று நாலு கட்டம் போதும். இந்த நாலு கட்டத்தையும் கலந்துவிட்டால் உங்கள் காணொளி எதையும் சொல்லாது.

'முடிவே இல்லை' என்ற புகாரையும் இங்கேயே பார்த்துவிடலாம். 2006 படமும் 2007 மே மாதம் வந்த மூன்றாம் பாகமும் சேர்த்தே திட்டமிட்டு எடுக்கப்பட்டவை. நடுப்படம் நட்டாற்றில் விட்டுப் போவது தவறி நடந்ததல்ல. ஆனால் நட்டாற்றில் விடுவதிலும் கைவேலை உண்டு. 2015-இல் 'பாகுபலி' ஒரே ஒரு கேள்வியோடு அனுப்பியது: கட்டப்பா ஏன் குத்தினார்? இரண்டு ஆண்டு கழித்து வந்தவருக்கும் அது நினைவிருந்தது, ஏனென்றால் ஒரே வரியில் சொல்லிவிடலாம். நம் கொள்ளையர் படமோ ஜாக் என்ன ஆனார், இதயம் யார் கையில், எலிசபெத் செய்தது வில்லுக்குத் தெரியுமா, முதல் பாகத்தில் செத்த கொள்ளையர் பார்போசா எப்படி வந்தார் என்று நாலு நூலை ஒரே நேரத்தில் கையில் கொடுத்து அனுப்புகிறது. ஆகவே நாலாவது கேள்வி: "இப்போ இதயம் யார்கிட்ட இருக்கு?" பெக்கெட் என்று சொன்னால் அவர் படத்தைப் பிடித்துவிட்டார், அதற்குப் பிறகு அவர் திட்டினாலும் அது கணக்கில் சேரும். "ஜாக்கோட மண் ஜாடியிலே" (ஜாக் இதயத்தை ஒளித்து வைத்த, மண் நிரப்பிய ஜாடி) என்றால், நாரிங்டன் இதயத்தைத் திருடிய கணத்தை அவர் தவறவிட்டிருக்கிறார்.

பெரியவர்கள் இதில் கடுமையாகப் பேசுவார்கள், அதற்கும் காரணம் உண்டு. 1965-இல் 'ஆயிரத்தில் ஒருவன்' அடிமைத்தனம், கொள்ளையர் கப்பல், காதல், நம்பியாரோடு வாள்சண்டை எல்லாவற்றையும் ஒரே படத்தில் தொடங்கி ஒரே படத்தில் முடித்து அனுப்பியது. அந்தக் கணக்கில் வளர்ந்தவருக்கு அரைக் கதைக்கு முழுக் காசு என்பது ஏமாற்று. அவர் சொல்வதை வெட்டிச் சிரிப்புக் காணொளி ஆக்குகிறீர்களே, அது எங்களுக்குப் பிடிக்கவில்லை. படம் பற்றிய தெளிவான அளவுகோல் அவரிடம்தான் இருக்கிறது.

எண்ணிக்கைக்கு வருவோம். முப்பது பேரைக் கேட்டு அதில் பதினெட்டுப் பேர் நன்றாக இருக்கிறது என்றால் 60 விழுக்காடு. ஆனால் முப்பது பேர் கணக்கில் ஏறக்குறைய 18 விழுக்காடு இப்படியும் அப்படியும் ஆடும், ஆகவே உண்மை 42-ஆகவும் இருக்கலாம், 78-ஆகவும் இருக்கலாம். அதை வைத்துக்கொண்டு "பெரும்பாலான ரசிகர்கள்" என்று தலைப்புப் போடாதீர்கள். "நாங்கள் கேட்ட முப்பது பேரில் பதினெட்டுப் பேர்" என்று போடுங்கள். நூறு பேரைக் கேட்டால் ஆட்டம் பத்துக்கு வரும். நாலு பேர் சேர்ந்தால் சில காட்சிகளில் நூறு பேரை எடுத்துவிடலாம், ஆளுக்கு ஒன்றரை நிமிடத்துக்கு மேல் பிடித்து வைக்காவிட்டால்.

முதல் நாள் கூட்டத்தை மட்டும் நம்பாதீர்கள். அமெரிக்காவில் சினிமாஸ்கோர் நிறுவனம் 1970-களின் இறுதியிலிருந்து வெளியீட்டு நாளில் ரசிகர் கையில் அட்டை கொடுத்து ஏ முதல் எஃப் வரை மதிப்பெண் வாங்குகிறது. முதல் நாளே ஓடி வருகிறவர் பிடிக்கும் என்று முடிவு செய்துவிட்டு வருகிறவர், அதனால் மதிப்பெண் பெரும்பாலும் மேலேயேதான் நிற்கும். நம் தீபாவளிப் படக் காலைக் காட்சியைப் பார்த்தவருக்கு இதை விளக்க வேண்டாம். வெள்ளிக்கிழமை பாதி, அடுத்த புதன்கிழமை பாதி என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

வாசலில் பேசியவர்களில் பத்துப் பேரிடமாவது மறுபடி கேளுங்கள், இரண்டு நாள் கழித்து, சுங்கை சிப்புட்டிலேயே, காலையில் பசியாறும் கடையில். அதே முதல் கேள்விதான்: எந்த இடம் இன்னும் நிக்குது? வாசலில் சத்தமும் பூதமும்தான் பேசும். ரொட்டி சானாயைப் பிய்த்துக்கொண்டு பேசும்போது சக்கரமும் மண் ஜாடியும் வரும், அல்லது ஒன்றுமே வராது. ஒன்றுமே வராவிட்டால் அதையும் எழுதுங்கள், அந்தக் கட்டத்தைக் காலியாக விடாமல் 'இல்லை' என்று போடுங்கள். காலியாக விட்டால் கேட்க மறந்துவிட்டீர்கள் என்று பிறகு உங்களுக்கே தோன்றும்.

இவ்வளவும் ஒரு பக்கத் தாளில் அடங்கும்: எண், மு அல்லது பி, இருக்கை வரிசை, சாதாரணமா முப்பரிமாணமா, படித்த மொழி, முதல் பாகம் எப்போது, பிறகு நாலு கேள்விக்கும் கோடு. பென்சிலால் எழுதுங்கள், குளிர்சாதன ஈரத்தில் நனைந்த தாளில் பேனா மை இழுகும். காணொளிக்கு எடுப்பது இந்தத் தாள் நிரம்பிய பிறகு. இரண்டாம் பாகம்தான் இந்தத் தொடரிலேயே மேலா, மூன்றாம் பாகமா என்று எங்களுக்குள்ளேயே இன்னும் தீரவில்லை. முதல் தாளை எங்களிடமே நிரப்பிப் பாருங்கள், கேள்வி எங்கே இடிக்கிறது என்று தெரியும்.

அன்புடன்,
சுங்கை சிப்புட் படம் பார்ப்போர் சிலர்